பென்குயின் கட்சியும் ஒரு ரப்பரும்

முதலில் தப்புச் செய்தவன் அந்தோணிராஜ். இதில் சந்தேகமே வேண்டாம். சுயம்புலிங்கத்தைக் கேட்டால் நாள், நேரம், இடம் எல்லாம் சொல்வார். மாதா கோயில் தேர் ஓடியதற்கு மறுநாள். காலை ஏழரை மணி. தூத்துக்குடியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடை. கூட நின்றவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேர் முன்னால்தான் அந்தோணிராஜ் அவர் தோளைத் தட்டிச் சொன்னான்.

"மூட்டை தூக்குன தோளுவே இது. இதுக்குக் கம்ப்யூட்டர் மவுஸ் கனக்கும்."

பதினோரு பேரும் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அவரையும் சேர்த்தால் பன்னிரண்டு.

சுயம்புலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவரைப் பிடிக்காத வியாதி ஒன்று உண்டென்றால் அது மறதி. கல்யாணத்தன்று தன் கிருதாவை ஏறுமாறாக வெட்டிவிட்ட முடிவெட்டுபவர் செத்தபோது மாலையோடு போனவர், மாலையைப் போட்டுவிட்டு அந்தக் கிருதா விஷயத்தையும் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

முழங்கால் தேய்ந்து மூட்டையை இறக்கி வைத்த பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆமினா டீச்சரிடம் போனார். டீச்சர் அந்த டீக்கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மாலை நேரத்தில் வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். சீடனைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார். அதே வாரம் வந்து சேர்ந்த இன்னொரு சீடன்தான் அந்தோணிராஜ். விசைப்படகில் என்ஜின் பார்த்தவன். அறுபது வயது.

டீச்சர் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இரண்டு விதமான சிஸ்டமும் சொல்லிக் கொடுத்தார். விண்டோஸும் லினக்ஸும். முதல் நாளே அந்தோணிராஜ் விண்டோஸ்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்லிவிட்டான். தேருக்கு மறுநாள் சுயம்புலிங்கம் லினக்ஸ் பக்கம் போனார். அதன் சின்னம் ஒரு பென்குயின் என்பதும், அது இலவசம் என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தோணிராஜ் எதில் இல்லையோ அதில் தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று முதல் டீச்சர் கடையில் இரண்டு கட்சி. சுயம்புலிங்கம் அந்தோணிராஜிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சண்டை போட மட்டும் பேசுவார். அது பேச்சில் சேராது.

உலகம் முழுக்க விண்டோஸ் ஜன்னல்தான், ஆபீசு ஆபீசாகப் போய்ப் பார் என்பான் அந்தோணிராஜ். ஓசியில் கிடைப்பது எதுவும் உருப்படாது என்பான்.

"மழையும் ஓசிதாம்வே," என்றார் சுயம்புலிங்கம் ஒரு நாள்.

"மழை பெஞ்சா உப்பளம் போச்சு," என்றான் அந்தோணிராஜ்.

உப்பு விளைகிற ஊர் அது. சுயம்புலிங்கம் அதையும் மனதில் எழுதி வைத்துக்கொண்டார்.

இப்படி நாலு மாதம் போனது. பிறகு பள்ளிக்கூடத்து வேலை வந்தது.

ஊருக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஓர் அறையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இரண்டு வருஷமாக மூடிக் கிடந்தன. ஒன்றும் கண் திறக்கவில்லை. தலைமை ஆசிரியை டீச்சரிடம் வந்து நிலைமையைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றையாவது ஓட்டிக் காட்டினால் அறை தப்பிக்கும். இல்லையென்றால் பன்னிரண்டையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு அறையில் சத்துணவு அரிசியை அடுக்கிவிடுவார்கள். ஓடிவிட்டால் அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் சீடர்களில் யார் ஓட்டுகிறாரோ அவரையே வைத்துக்கொள்கிறேன் என்றார்.

சுயம்புலிங்கம் போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டர்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அறையின் மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. கை வைத்தது. சுழலக்கூடியது. முப்பத்தாறு வருஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள் சம்பளம் வாங்கியதில்லை அவர். யாரும் பார்க்காத நேரத்தில் உட்கார்ந்து, அரைச் சுற்று சுற்றிவிட்டு எழுந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியது. பழைய மிஷின், பாரம் தாங்காது, பென்குயின்தான் லேசாக ஓடும் என்றார் சுயம்புலிங்கம். பிறந்ததிலிருந்து ஜன்னலில் ஓடிய மிஷினுக்கு ஜன்னலைத்தான் திரும்பப் போட வேண்டும் என்றான் அந்தோணிராஜ். இருவர் கையிலும் அவரவர் சிஸ்டத்தோடு ஆளுக்கொரு பென் டிரைவ். யார் முதலில் செருகுவது என்பதில் மதியம் போனது. கடைசியில் அந்தோணிராஜ் முந்திக்கொண்டு செருகினான். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு சுயம்புலிங்கம் செருகினார். அப்போதும் கறுப்புத்தான்.

நீ முதலில் செருகிக் கெடுத்துவிட்டாய் என்றார் இவர். நான் செருகியது வேலை செய்யத் தொடங்குவதற்குள் நீ பிடுங்கிக் கெடுத்தாய் என்றான் அவன். புதன்கிழமை அடுத்த மிஷின். அதில் சுயம்புலிங்கம் முந்தினார். கறுப்பு. வியாழக்கிழமை மூன்றாவது மிஷின். சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் அறையில் புழுங்கியது. மின்விசிறியைக் கடைசி அளவுக்குத் திருகினார்கள். அது கடகடவென்று ஆடியது. அதையும் தாண்டிக் கேட்பதற்காக இருவரும் இன்னும் சத்தமாகப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆமினா டீச்சர் வந்தார். வாசலில் இரும்புக் கடை வண்டி நின்றுகொண்டிருந்தது. தராசு இறக்கி வைத்தாகிவிட்டது.

சுயம்புலிங்கம் ஓடிப் போய் டீச்சர் முன்னால் நின்றார். நாலு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"டீச்சர், இன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியாகணும். ரெண்டுல எது நல்லது?"

"சொல்லுதேன் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "மத்தியானச் சோத்து மணி அடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது."

பிறகு உள்ளே போய் மின்விசிறியை நிறுத்தினார்.

நாலு மாதத்தில் முதல் முறையாக அந்த இருவரும் ஓரிடத்தில் பேசாமல் இருந்தார்கள். சுயம்புலிங்கத்துக்கு நாக்கு அரித்தது. அந்தோணிராஜ் வாய்க்குள் ஏதோ மென்றான். டீச்சர் சுவரோரம் இருந்த மிஷினைக் காட்டி, போடுங்கள் என்று கையால் சொன்னார். சுயம்புலிங்கம் பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பு. அறையில் அமைதி.

அந்த அமைதிக்குள் மிஷின் நீளமாக ஒரு தடவை கூவியது. நின்றது. மறுபடியும் நீளமாகக் கூவியது.

சுயம்புலிங்கத்துக்கு அது தெரியும். முதல் வாரமே டீச்சர் சொல்லிக் கொடுத்த பாடம். அவர் தன் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மிஷினுக்குக் கண் திறக்க முடியாவிட்டால் கூவிச் சொல்லும். ஒரே நீளக் கூவல் என்றால் ரேம் கார்டு சரியாகப் பிடிக்கவில்லை. மிஷினின் ஞாபகம் அந்தக் கார்டில்தான் இருக்கிறது. அது பிடிக்காத வரை எந்த சிஸ்டத்தைக் கொண்டுவந்து செருகினாலும் ஒன்றும் நடக்காது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொரு மிஷினும் கூவிக்கொண்டேதான் இருந்திருக்கும், இவர்கள் போட்ட சத்தத்தில் கேட்கவில்லை.

வாயைத் திறக்கப் போனார். டீச்சர் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மிஷினை அணைத்து, வயரைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றினார். ரேம் கார்டை உருவினார். அதன் அடியில் பொன் நிறத்தில் மின்ன வேண்டிய பல்வரிசை கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருஷத்து உப்புக் காற்று. டீச்சர் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர்.

சுயம்புலிங்கம் தேய்த்தார். மூட்டை தூக்கிய விரலுக்கு அது ரொம்பச் சின்னது. கார்டு நழுவப் பார்த்தது. பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து கார்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டது. என்ஜின் ஆயில் ஏறிய நகங்கள். சுயம்புலிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்த்தார். பற்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின.

கார்டைத் திரும்பச் செருகிப் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை கூவவில்லை. திரை வெளுத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பிள்ளை வரைந்து வைத்துவிட்டுப் போன படம் முழுத் திரையிலும் வந்தது. ஒரு படகு. படகைவிடப் பெரிய மீன்.

தலைமை ஆசிரியை வாசலுக்குப் போய் இரும்புக் கடைக்காரரிடம் தராசை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சோற்று மணி அடித்தது. மணிச் சத்தம் அடங்குவதற்குள் சுயம்புலிங்கம் கேட்டுவிட்டார்.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். எது நல்லது?"

டீச்சர் பையை மாட்டிக்கொண்டார்.

"நாலு நாளா கூவுச்சே அண்ணாச்சி, அது எந்தக் கட்சி?"

அந்தோணிராஜ் சிரித்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்று சுயம்புலிங்கம் குறித்துக்கொண்டார். அவன் தன்னையே நினைத்துச் சிரித்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு.

மீதிப் பதினொன்றுக்கும் அதே வைத்தியம். ஒருவர் பிடிக்க, ஒருவர் தேய்க்க, சனிக்கிழமை மாலைக்குள் பன்னிரண்டும் கண் திறந்தன. பிடித்தவர் தேய்த்தவர் இரண்டு பேரையும் தலைமை ஆசிரியை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரு நாள் இவர், ஒரு நாள் அவன். நாற்காலி ஒன்றுதான்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு நாள், சுயம்புலிங்கம் டீச்சர் கடைக்கு வந்தார். உட்கார்ந்ததும் தொடங்கினார். வேலை நன்றாகத்தான் போகிறது. ஆனால் அந்தோணிராஜ் உட்கார்ந்து எழுந்த மறுநாள் நாற்காலி ஒரு சாண் உயரமாக இருக்கிறது, கால் தரையில் படவில்லை. வேண்டுமென்றே செய்கிறான். டீக்கடையில் பதினோரு பேர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை. போதாததற்கு அந்த ரப்பர். சனிக்கிழமை சாயங்காலம் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

டீச்சர் ஒரு சர்க்யூட்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மேஜையில் ஐஸ் கம்பெனியிலிருந்து பழுதுக்கு வந்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளிவிட்டார். சுயம்புலிங்கம் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். நீளமாகக் கூவியது. பேசிக்கொண்டே அணைத்து, பலகையைக் கழற்றி, கார்டை உருவி, ரப்பருக்காகத் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கை அங்கேயே நின்றது.

"ரப்பர் அவன்ட்டல்லா இருக்கு," என்றார்.

"எதுத்தாப்லதான டீ குடிக்கார். போய் வாங்கிட்டு வாங்க."

"நானா? நான் அவன்ட்ட வாய் திறந்து கேக்கணுமா? நியாயத்துக்கு அவன்லா எங்கிட்ட வந்து நிக்கணும். முதல்ல தப்புச் செஞ்சது யாரு டீச்சர்?"

டீச்சர் கையை நீட்டி, கார்டு இல்லாத அந்த மிஷினின் பொத்தானை அழுத்தினார். அது கூவியது.

"எங்கிட்டச் சொல்லாதீங்க அண்ணாச்சி. அதுட்டச் சொல்லுங்க."

சுயம்புலிங்கம் வாயை மூடிக்கொண்டார். கார்டைக் கையில் வைத்தபடி எதிரே டீக்கடையைப் பார்த்தார். அந்தோணிராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கூட நின்றவர்களைச் சுயம்புலிங்கம் ஒவ்வொருவராக எண்ணினார். அன்றைக்குப் பதினோரு பேர். இன்றைக்கு ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

மிஷின் மறுபடியும் கூவியது.