வாசலை மறித்த தூது எறும்பு

ஏரிக்கரையில் ஒரு கட்டெறும்புப் புற்று இருந்தது. அதற்கு ஒரே வாசல், கதவு கிடையாது. மண்டைச்சி என்ற காவல் எறும்பு தன் பெரிய தலையால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தலைதான் கதவு!

வெளியே அலைந்து சேதி கொண்டுவருவது துடுக்கி என்ற எறும்பின் வேலை. ஓடிவந்து, மண்டைச்சியின் நெற்றிப் பள்ளத்தில் தன் உணர்கொம்புகளைப் பொருத்தி, மூன்று தட்டு தட்ட வேண்டும். உடனே மண்டைச்சி உள்ளே இருக்கும் பத்து எறும்புகளை உதைக்கும். அந்தப் பத்தும் நூறை உதைக்கும். மூச்சு விடுவதற்குள் புற்று முழுக்க வேலை தொடங்கிவிடும்.

நம் உடம்பிலும் இதே கதைதான். இன்சுலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஓடிவந்து, செல்லின் வாசலில் தனக்கென்று இருக்கும் ஏற்பி என்ற பள்ளத்தில் பொருந்தும். சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போகும். செல் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். "நானே உள்ளே வந்து சொன்னால்தான் ஆச்சு" என்று இன்சுலின் அடம்பிடிப்பதில்லை. துடுக்கி பிடித்தது!

அன்று அடைமழை. ஏரித் தண்ணீர் கரையேறிக்கொண்டிருந்தது. கீழறை நிறைய முட்டைகள். துடுக்கி ஓடிவந்து கொம்புகளைப் பள்ளத்தில் பொருத்தியது. ஆனால் தட்டவில்லை.

"தட்டேண்டி!" என்றது மண்டைச்சி.

"மாட்டேன்! நாள் பூரா ஓடுறது நான், பேர் வாங்குறது நீ! தலையை நகர்த்துக்கா, ராணிகிட்ட நானே சொல்றேன்!"

"உள்ள இருக்கிறதுகளுக்கு என் உதைதான் தெரியும். நீ தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தி திரும்ப மாட்டா. தட்டித் தொலை!"

"முதல்ல நகரு!"

"கடவுளே, இதுகிட்ட வந்து மாட்டினேனே!"

அதற்குள் இன்னொரு தூது எறும்பு அலறிக்கொண்டு வந்தது. "வெள்ளம்க்கா, வெள்ளம்!"

"காதுல விழுதுடி! ஆனா மூணு தட்டு விழாம என் கால் அசையாதே! நான் பிறந்த வாகு அப்படி!"

அந்த எறும்பு எங்கே போய்த் தட்டும்? பள்ளத்தை அடைத்துக்கொண்டு துடுக்கி நிற்கிறதே! "நீயும் சொல்ல மாட்டே, சொல்ல வந்தவளையும் விட மாட்டே! தள்ளுடி!" என்று அது முட்டிப் பார்த்தது. துடுக்கி அசையவில்லை.

கடைசியில் தண்ணீர் துடுக்கியின் பின்னங்காலை நனைத்தது. அப்போதுதான் அதற்குப் புத்தி வந்தது. டக், டக், டக்!

மண்டைச்சி உதைத்தது. பத்து உதைத்தன, நூறு உதைத்தன. முட்டைகள் மேலறைக்கு ஏறின. கீழ்வரிசை முட்டைகள் மட்டும் தண்ணீரோடு போயின.

"நான் உள்ள போயிருந்தா..." என்று முனகியது துடுக்கி.

மண்டைச்சிக்கு வந்ததே ஆத்திரம்! "நீ தட்டின பிறகு எவ்வளவு நேரம் ஆச்சு? மூச்சு விடுற நேரம்! அதுக்கு முன்னாடி நாம சண்டை போட்ட நேரம்தாண்டி அந்த முட்டைங்க உயிர்!"



தூது போனவர் தன் பெருமைக்காக வாசலை மறித்தால், உள்ளே இருப்பவர்கள்தான் மூழ்குவார்கள்.