இருபது மில்லி

“வண்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்க, மிஸ்.”

தெய்வசிகாமணி தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கிச் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கோயம்புத்தூரில் பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருப்பவர், வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி.

எதிரே நின்ற ஜுனைதாவுக்கு முப்பத்துநாலு. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். இப்போது வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறார். ஊரில் உள்ள கார்ப் பைத்தியங்கள் எல்லோருக்கும் இன்றைக்கும் அவர் மிஸ்தான். அவரிடம் கேள்வி கேட்பது சுலபம், பதில் வாங்குவதுதான் பெரும்பாடு.

“எப்ப இருந்துங்கண்ணா?”

போன மாதம் ரேஸ் டிராக்கில், மூன்றாவது வளைவில், வண்டி பின்பக்கம் வழுக்கிப் பம்பரமாகச் சுற்றி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வளைவை நினைத்தாலே அவருக்குப் பயம்.

ஸ்பேசர் போடு, எல்லாம் சரியாகும் என்றார் ஒரு நண்பர். சக்கரத்துக்கும் அதைத் தாங்குகிற ஹப்புக்கும் நடுவே வைக்கிற இரும்பு வளையம் அது. சக்கரம் வெளியே தள்ளி வரும், வண்டி காலை அகட்டி நிற்கும். அதையெல்லாம் கடையில் வாங்குவாரா நம்ம ஆள்? சொந்த லேத்தில் தானே நின்று கடைந்தார்.

“பின்னாடி ரெண்டு. இருபது மில்லி கனம். போல்ட்டும் அதே இருபது மில்லி நீளங் கூட்டிட்டேன்.”

“அது நல்லது. அப்புறம்?”

“பின்னாடி வழுக்கறது நின்னுச்சுங்க. ஆனா வளைவுல திருப்புனா, மூஞ்சி திரும்பாம நேராப் போகுது.”

“அப்புறம்?”

“முன்னாடியும் ரெண்டு கடைஞ்சு போட்டேன். மூஞ்சி திரும்புது. இப்ப ரோட்டுல சின்னப் பள்ளம் வந்தாக்கூட ஸ்டீயரிங்க கையிலிருந்து புடுங்குதுங்க.”

மிஸ் அவரைப் பட்டறையின் இரும்புக் கதவுக்குக் கூட்டிப் போனார்.

“கீல் பக்கத்துல கைய வெச்சுத் தள்ளுங்ண்ணா.”

தெய்வசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். கதவு அரைமனதாக நகர்ந்தது.

மிஸ் கதவின் மறுகோடிக்குப் போய் ஒரு விரலால் தொட்டார். கதவு சுவரில் போய் இடித்தது.

“சக்கரம் கீலை விட்டுத் தள்ளிப் போயிருச்சு. இனி ரோட்டுல கெடக்கற கல்லுக்கெல்லாம் அதத் திருப்பற தெம்பு வந்துரும்.”

லேத்துக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

“சரி, பயம் போச்சுங்களா?” என்றார் மிஸ்.

“எங்கீங்க? வர்ற ஞாயித்துக்கிழம டிராக்குல மறுபடியும் பயம் வந்துச்சுன்னா வண்டிய வித்துருவேன்.”

சொல்லிவிட்டு வண்டியின் கூரையைத் தடவினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மிஸ் நான்கு ஸ்பேசரையும் கழற்றி, பழைய போல்ட்டையே மாட்டிவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு டிக்கியில் வைத்தார்.

“வண்டிக்குள்ள செருப்போட காலு வெக்கமாட்டனுங்க. வாங்குன அன்னைக்கே முடிவு பண்ணுனது.”

வெறுங்காலோடு ஓட்டினார். ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து போனது. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி போயிற்று. மிஸ் சாலையைப் பார்க்கவே இல்லை, அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இப்ப ஓட்டுனது யாருங்கண்ணா?”

“நான்தானுங்க. ஏனுங்?”

“சும்மா கேட்டேன்.”

டிராக் வந்தது. அங்கே வெறுங்காலோடு விடமாட்டார்கள். தெய்வசிகாமணி சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே பளபளவென்று வெள்ளை ஷூ. முட்டிவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. தரையில் படாமல், டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தனியாக வைத்திருந்தார்; போன மாதம் போட்டதும் இதுதான். சீட்டில் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டார்.

மிஸ் காரிலிருந்து இறங்கி அவர் பக்கம் வந்தார்.

“அன்னைக்கு வண்டி சுத்துறதுக்கு முன்னால இந்தக் காலு என்ன பண்ணுச்சுங்ண்ணா?”

“பயமாயிருந்துச்சுங்க. ஆக்சிலேட்டர லேசா விட்டேன்.”

“லேசாவா?”

தெய்வசிகாமணி தன் காலைப் பார்த்தார். வளைவில் காலை வெடுக்கென்று எடுத்தால் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் பிடியை விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வெடுக்கென்று எடுத்தோமா என்பதுதான் தெரியவில்லை.

மிஸ் குனிந்து ஷூவின் அடிப்பாகத்தில் கட்டைவிரலை அழுத்தினார். விரல் புதைந்தது. சட்டைப் பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் வாங்கி ஷூவின் அடியை அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

“எத்தனைங்க?”

“முப்பத்திரண்டு மில்லி. பெடலுக்கும் காலுக்கும் நடுவுலயே ஸ்பேசர் போட்டிருக்கேனுங்க.”

தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

டிராக்கில் கொடி காட்டுகிற ஆரோக்கியம் தன் பழைய கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். அடிப்பாகம் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. ஒரு அளவு சின்னது. தெய்வசிகாமணி அதற்குள் காலைத் திணித்துக்கொண்டு போனார்.

ஐந்து சுற்று. மூன்றாவது வளைவிலும் ஐந்து முறை, ஒரு தடவைகூட வழுக்காமல். மிஸ் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

வண்டி திரும்பி வந்து நின்றது. மிஸ் போய்க் கதவைத் திறந்தார்.

“பயம் போச்சுங்களாண்ணா?”

“இல்லீங் மிஸ். ஒவ்வொரு சுத்துக்கும் வந்துச்சு.”

“அப்ப வித்துருங்க.”

தெய்வசிகாமணி ஷூவைக் கழற்றி, வலது காலை வெளியே நீட்டினார். கட்டைவிரலை மட்டும், ஒரு மயிரிழை அளவுக்கு, மெல்லத் தூக்கிக் காட்டினார்.

“இங்க வந்துச்சுங்க. இப்ப காலு எவ்வளவு தூக்குதுன்னு எனக்கே தெரியுதுங்க.”