ரிவர்ஸ் எடுக்காத கார்

அம்பாசமுத்திரத்து ரைஸ்மில் முதலாளி ஆவுடையப்பன் புதிதாக ஹைப்ரிட் கார் வாங்கினார். ரிவர்ஸ் எடுத்தால் போதும், உள்ளே 'பீப் பீப்' என்று விடாமல் கத்தியது. அவர் வீட்டு முற்றமோ குறுகல். தினமும் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும்.

"நாளைக்குச் சம்பந்தி ஏறுறாரு. சத்தமே வரக்கூடாது. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டக்கூடாது. முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோ" என்றார் டிரைவர் இசக்கியம்மாளிடம்.

"ரிவர்ஸ் எடுத்தாத்தானே மொதலாளி கத்தும்? பின்பக்கக் கேட்டைத் திறந்துவிட்டா, முன்வாசல்ல நுழைஞ்சு பின்வாசல் வழியா நேராவே போயிரலாம்லா?"

அந்தக் கேட், பொதுப்பாதையை மறித்து முதலாளி போட்டது. அதனால் இசக்கியம்மாளின் தெருக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஊரையே சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் முதலாளி அந்தக் கேட்டின் பூட்டைத் திறந்தார். மறுநாள் சம்பந்தியோடு காரில் ஏறினார். சத்தமே இல்லை. ஆனால் திறந்த கேட் வழியாகத் தெருச்சனமும் வரத் தொடங்கியது.

"கேட்டைச் சாத்து!" என்று முதலாளி கத்தினார்.

இசக்கியம்மாள் இறங்கிச் சாத்தினாள். பிறகு காரைச் சாத்திய கேட்டின் அருகே முன்னோக்கி நகர்த்தினாள். 'பீப் பீப் பீப்!'

"முன்னால தடுப்பு இருந்தாலும் கத்தும் மொதலாளி. சாத்தியே வைக்கவா?"

சம்பந்தி காதைப் பொத்திக்கொண்டார். "திறந்தே கிடக்கட்டும். ஊருக்கும் பாதை விட்ட மாதிரி ஆச்சு. உங்களுக்குப் பெரிய மனசு, சம்பந்தி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

சம்பந்தியின் பேச்சைத் தட்ட முடியாமல், அன்று சாயங்காலமே கேட்டைக் கழற்றச் சொன்னார். முதல் ஆளாகப் பால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை.