சால்னாவில் காரம்

பஸ் ஸ்டாண்டு கடைத்தெருவில் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்கு அல்வாக் கடை. எதிரே மைமூன் பீவியின் புரோட்டாக் கடை. அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான் முஸ்லிம் கடை. அண்ணாச்சி கடைக்கும் கூட்டம் வரத்தான் செய்தது. ஆனால் எதிர்க்கடைக் கூட்டம்தான் அவர் கண்ணை உறுத்தியது.

வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவரேதான். கூட்டம் போட்டு மைமூனை வரச் சொன்னார்.

“பிழைக்க வந்தவ கடையால ஊருக்கு என்ன லாபம்? உன் சால்னா நாக்கைப் பொசுக்குது. இனிமே அதுல காரமே இருக்கக் கூடாது. இல்லேன்னா கடையைக் காலி பண்ணு.”

“சரி அண்ணாச்சி. அப்புறம் நீங்களே காரம் போடச் சொல்லக் கூடாது.”

“நானா? நல்லாச் சொன்னே போ.”

மறுநாள் முதல் சால்னா சப்பென்று இருந்தது. சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டு நேரே பஸ் ஏறினார்கள். ‘உஸ் உஸ்’ என்று சர்பத் கடைக்கு ஓட ஆளில்லை. எரிகிற நாக்குக்கு இனிப்புத் தேடி அல்வாக் கடைக்கு வரவும் ஆளில்லை. அல்வா தட்டிலேயே இறுகியது.

அடுத்த கூட்டத்தில் சர்பத் கடைக்காரர் எழுந்தார். “தலைவரே, உம்ம பொறாமையில எங்க பொழைப்பும் போச்சு.”

அண்ணாச்சி மைமூன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“பழையபடி காரம் போட்டுரும்மா. விக்காத அல்வாவைப் பார்த்தா வயிறு எரியுது.”

மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“காரத்தை எடுத்த பிறகுமா அண்ணாச்சி?”