பாறைக்கு அடியில் இருந்தவர்கள்

"பிறந்துட்டானா?"

கரிசல் காட்டை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செண்பகத்தின் காதில் அந்தக் கேள்வி விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். உச்சி வெயிலைத் தவிர அங்கே யாரும் இல்லை. சிமெண்டுத் தொட்டிக்குள் தண்ணீர் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது.

அவள் நிறைமாதக்காரி. கையிலிருந்த சட்டையை உதறாமல் அப்படியே நின்றாள்.

"யாரைக் கேக்கீங்க?" என்றது தொட்டி.

"புள்ளையைத்தான். தாகம்னு கூப்பிட்டாங்களே."

"இங்க ஒரு புள்ளையும் அழலியே. நீங்க யாரு? வழக்கமா வாற ஆளுங்க மாதிரி இல்ல. தொட்டா வெதுவெதுன்னு இருக்கீங்க."

"அவங்க மழைக்கு மழை வந்துபோறவங்க. எல்லாரும் தீர்ந்துட்டாங்க. நாங்க பாறைக்கு அடியில இருந்தவங்க. வெயிலைப் பாத்ததே இல்ல. இனிமே பிறக்கப்போறவங்களுக்குன்னு எங்களை வச்சிருந்தது. கூப்பிடவும், பிறந்துட்டான்னு ஓடி வந்தோம்."

தொட்டி நிறைந்துவிட்டது. சன்ஷேடில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அந்தத் தெருவில் யாரும் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கொட்டும் சத்தம் கேட்டால்தான் நிறைந்தது என்று கணக்கு. கேட்டாலும், பக்கத்து வீட்டுத் தொட்டியாக இருக்கும் என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

செண்பகம் படியிறங்கி வந்தாள். அடுப்படியில் சுத்திகரிப்புப் பெட்டி ஒரு பங்கைக் குடத்துக்குத் தந்துவிட்டு, மீதியைத் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் துப்பிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள் சுழன்று இறங்குமுன் அந்தத் தண்ணீர் அவளை அண்ணாந்து பார்த்ததுபோல் இருந்தது.

"பிறந்துட்டானா?"

அவள் பெட்டியை நிறுத்தினாள். கக்கூஸில் யாரோ இழுத்துவிட்டுப் போன தண்ணீர் அதையே கேட்டபடி உள்ளே போனது. குளியலறையில் நிறைந்து வழிந்த வாளியிடமும் அதே குரல். "எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காதீங்க," என்று வாளி முனகியது. வாசல் சாக்கடைக்குள் பல குரல்கள் கேட்டுக்கொண்டே தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தன.

கொல்லைப்புறத்தில் கம்ப்ரசர் மோட்டார் தடதடத்தது.

"நிறுத்தேன்," என்றாள் செண்பகம்.

"நானா நிறுத்த முடியுமா, தாயி? காத்தை உள்ள ஊதுறது என் வேலை. மேல வாறவங்ககிட்ட ஊரு பேரு கேக்கிறதில்ல," என்றது மோட்டார். பிறகு குரலைத் தாழ்த்தியது. "ஆனா இன்னைக்குக் கீழ வெறிச்சுன்னு கிடக்கு. நான் ஊதுறது எனக்கே திரும்பக் கேக்கு."

குழாய்க்குள்ளிருந்து ஒரு மெலிந்த குரல் வந்தது. "எங்களுக்குப் பின்னால கொஞ்சம் பேருதான் மிச்சம். அவங்களும் புறப்பட்டு நிக்காங்க. பிறந்துட்டானா?"

வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி உதைத்தது. செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அவள் புருஷன் கோமதிநாயகம், தலையில் சோப்பு நுரையும் கையில் மோட்டார் குழாயில் மாட்டிய ரப்பர் குழாயுமாக, தன்னையும் பைக்கையும் சேர்த்தே குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். போன கோடையில் ஆழ்குழாய்ப் போரை இன்னும் ஆழமாக இறக்கியவன். தெருவில் அடிபம்புகள் வெறும் காற்றை இறைத்தபோது, அவன் வீட்டுத் தொட்டி வழிந்தது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு பெருமை.

"ஏங்க, மோட்டாரை நிறுத்துங்க. அது நம்ம புள்ளைக்கு உள்ள தண்ணி."

"புள்ளை என்ன, வரும்போதே குடத்தோடயா வருது?"

"தண்ணியே சொல்லுது."

"தண்ணி சொல்லுதாக்கும்! உச்சி வெயில்ல மாடிக்குப் போகாதன்னா கேக்கியா? போ, போய்ப் படு. பாதாளத்தையே தொட்டிருக்கேன், நம்ம வீட்டுல வத்தாது." குழாயை மறுபடி பைக் சக்கரத்தில் பீய்ச்சினான்.

சக்கரத்திலிருந்து வழிந்த தண்ணீர் அவன் காலடியில் தேங்கி நின்று அதையே கேட்டது. அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

செண்பகம் கொல்லைப்புறத்துக்குத் திரும்ப நடந்தாள். சுவரில் இருந்த மோட்டார் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். மோட்டார் அடங்கியது.

"ஏய்! தலையெல்லாம் சோப்பு!" என்று வாசலில் அவன் கத்தினான்.

அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல மண்டியிட்டாள். போர்க்குழியின் மூடியை நகர்த்தி, அந்த இருட்டுக்குள் குனிந்து சொன்னாள்:

"இன்னும் இல்ல. அங்கேயே இருங்க."