புகையன் கழுத்துக் கயிறு

கல்லுக்குக் காதும் மரத்துக்கு வாயும் இருந்த காலம் அது. ஒரு முள்காட்டில் செம்மறிகள் கிடை போட்டிருந்தன. ஓரிடத்தில் புல் தீர்ந்தால் அடுத்த இடத்துக்குக் கிடையை மாற்றிக்கொள்ளும். முன்னால் நடக்கும் கிடாவின் பேர் கொம்பன். அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி. மணிச் சத்தம் போகிற பக்கம்தான் மந்தை போகும்.

பக்கத்து மந்தைக்குக் காவல் நாய் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொம்பனுக்கு வயிறு எரியும். ஒருநாள் ஓடைப் பள்ளத்தில் தாயை இழந்த குட்டி ஒன்று கொம்பன் கண்ணில் பட்டது. தாய் நாய், தகப்பன் ஓநாய். புகை நிறம், மஞ்சள் கண்.

"அவங்ககிட்ட இருக்கறது வெறும் நாய். நம்மகிட்ட பாதி ஓநாய்," என்று மார் தட்டிக்கொண்டது கொம்பன்.

குட்டிக்குப் புகையன் என்று பேர் வைத்தது. ஊரே பார்க்கட்டும் என்று தன் மணியைக் கழற்றிக் கயிற்றில் கோத்து அதன் கழுத்தில் கட்டியது. தாய் ஆடுகள் பால் கொடுத்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, புகையன் வளரும் வரைக்கும்.

வளர்ந்த புகையனுக்குப் பால் போதவில்லை. வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டியது. நிலாவைப் பார்த்து ஊளையிட்டது. அது பாய்ந்து ஓடினால் கழுத்து மணி அடிக்கும். மணி கேட்ட மந்தை மொத்தமும் அதன் பின்னாலேயே முள்ளுக்குள் ஓடும். ஒருநாள் விளையாட்டாக ஒரு ஆட்டுக்குட்டியின் காலைக் கவ்வியது. ரத்தம் வந்துவிட்டது.

"நான் விளையாடத்தானே செஞ்சேன்," என்றது புகையன்.

கிடை மாற்றும் நாளில் கொம்பன் புகையனை ஓர் உடைமரத்தில் கட்டியது. மணியை மட்டும் அவிழ்க்கப் பார்த்தது. முடிச்சு கழுத்துச் சதைக்குள் புதைந்து கிடந்தது. வரவில்லை.

"இங்கேயே இரு. இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மந்தையை முட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் உச்சிவெயில் வரைக்கும் வரவில்லை. மரத்து நிழல் சுருங்கிவிட்டது. இழுக்க இழுக்கக் கயிறு இறுகியது. ஊளைகூட இப்போது விசில் மாதிரிதான் வந்தது.

மரத்தடி வளையிலிருந்து முள்ளம்பன்றி தலையை நீட்டியது. "பகல்லதான் நான் தூங்குவேன். அது பொறுக்கலையா உனக்கு?" என்று கேட்டபடி வந்தது. கழுத்தைப் பார்த்ததும் கிட்டே போய்க் கயிற்றை முகர்ந்தது.

மரத்திலிருந்து மயில் ஒன்று இறங்கியது. "ஐயோ பாவம். அக்கா, உங்களுக்குத்தான் பல்லு இருக்கே. அறுத்து விடுங்க. நான் வளர்த்துக்கறேன். என் தோகைக்குப் பக்கத்துல இந்தப் புகை நிறம் எவ்வளவு எடுப்பா இருக்கும்!"

"அறுக்க எனக்கு நேரம் ஆகாது. அறுத்த பிறகு? இதுக்குக் கும்பி காய்ஞ்சு கிடக்குது. மூணு எட்டுல பக்கத்து மந்தை ஆட்டுக்குட்டி இருக்குது. இது அங்கே போனா யார் தடுப்பா? நாளைக்கு என்ன போடுவே? ஊளையிட்டா என்ன பண்ணுவே?"

"ஊளை வேற போடுமா?" என்ற மயில் ஒரு அடி பின்னால் வைத்தது. "என் கூட்டாளிங்களைக் கேட்டுட்டு வரேன்," என்று பறந்துவிட்டது.

"கேட்டுட்டு வர்றவங்க யாரும் வந்ததில்ல," என்று முணுமுணுத்தது முள்ளம்பன்றி.

புகையனின் நாக்கு வெளியே தொங்கியது. அப்போது பாறை மேடான கரட்டுப் பக்கமிருந்து ஒரு கழுதை இறங்கி வந்தது. செங்கல் சூளை மூடியபோது ஆட்கள் அவிழ்த்து விட்டுவிட்டுப் போன கழுதை.

"நேத்தே பார்த்தேன். பார்த்துட்டுதான் போனேன்," என்றது கழுதை. "அப்புறம் மேய்ஞ்ச புல்லு உள்ளே இறங்கல. அறுத்து விடு தாயி. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கே?"

"கரட்டுக்கு மேல. செம்மறி அங்கே ஏறாது. எலி இருக்குது, ஓணான் இருக்குது, சுனையில நண்டு இருக்குது. தினமும் கரட்டைச் சுத்தி நடப்பேன். கூடவே ஓடட்டும்."

"கடிச்சா?"

"உதைப்பேன்." கழுதை புகையனைப் பார்த்தது. "ஆனா கட்டிப்போட்டுட்டுப் போக மாட்டேன்."

முள்ளம்பன்றி அதற்குமேல் கேட்கவில்லை. புகையனின் தொண்டைக்குக் கீழே தலையை நுழைத்தது. புகையனின் தாடைக்குள் உறுமல் கிளம்பியது.

"உறுமிக்கோ. ஆனா அசையாதே. அசைஞ்சா என் முள்ளு உன் கண்ணுல."

நறநறவென்று சத்தம். ஒரு இழை. இன்னொரு இழை. கயிறு அறுந்தது. மணி தரையில் விழுந்து கணீரென்றது.

அந்தச் சத்தத்துக்குப் புதருக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கொம்பன்தான். மணி இல்லாமல் ஒரு ஆடுகூட அதன் பின்னால் தண்ணீருக்கு வரவில்லை. அதனால் மணியைத் தேடி வந்திருந்தது.

புகையன் எழுந்து நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது. மஞ்சள் கண் கொம்பனைவிட்டு நகரவில்லை.

"புகையா, உட்கார்," என்றது கொம்பன். "நான்தானே உன்னை வளர்த்தேன்?"

புகையன் உட்காரவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தது. கொம்பன் திரும்பி ஓடப் பார்த்தது.

"ஓடாதே!" கழுதை இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. பின்னங்கால்கள் புகையன் பக்கம். "ஓடினா துரத்தும். இவ்வளவு நாள் வளர்த்தியே, இதுகூடத் தெரியாதா? மணியை எடு. மெதுவா நட."

பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னது: "புகையா, உனக்குப் பசி. எனக்குத் தெரியும். அவன் வேண்டாம். சுனைக்குப் போகலாம்."

புகையன் உறுமியது. கழுதை நகரவில்லை. ஒரு குளம்பை மட்டும் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டது. கொம்பன் அறுந்த கயிற்றைக் கவ்வியது. பல்லு நடுங்கியதில் மணி விடாமல் அடித்தது. ஒவ்வொரு அடியாக வைத்து, புதரைத் தாண்டி மறைந்தது. மணிச் சத்தம் தேய்ந்தது.

அதன் பிறகே புகையனின் முதுகு மயிர் படிந்தது. கழுதை குளம்பைக் கீழே வைத்தது.

"தண்ணி எவ்வளவு தூரம்?" என்று கேட்டது புகையன்.

"தூரம்தான். விழுந்தா நிப்பேன். நட."

இரண்டும் கரட்டுமேல் ஏறின. கழுதை இரண்டடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. கண்ணுக்கு மறையும் வரை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பல்லில் சிக்கிய நாரைத் துப்பிவிட்டு, விட்ட தூக்கத்தைத் தேடி அதுவும் நடந்தது.

ஒரு உயிரை வளர்க்க ஆசைப்படுகிறவர், அது குட்டியாக இருக்கும்போது அல்ல, அது முழுதாக வளர்ந்து நிற்கும்போது தன்னால் அதன்கூட நிற்க முடியுமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.