முட்டிப் பரீட்சை

வெகு காலத்துக்கு முன்னால் மந்தாரபுரியைக் குதூகலவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் சிம்மாசனத்திலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை நடக்க அலுப்பாக இருக்கிறதென்று, பக்கத்தில் நின்ற படைத்தலைவர், தண்டநாயகர் கெம்பீர ராயரை மண்டியிடச் சொல்லி முதுகில் ஏறிக்கொண்டார். ராயரும் சும்மா போகாமல், விசுவாசத்தைக் காட்ட இரண்டு தரம் கனைத்து வைத்தார். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ராயருக்குப் ‘பட்டத்துக் குதிரை’ என்று பதவி, தினமும் மூன்று வேளையும் பவனி. மற்ற அதிகாரிகளுக்கெல்லாம் ஒரே வயிற்றெரிச்சல்.

ராயருக்கோ அமைச்சர் நப்பின்னையைக் கண்டால் வயிற்றெரிச்சல். ராஜா ஏறுவது ராயரின் முதுகில் என்றாலும் யோசனை கேட்பது அந்த அம்மாளிடம்தான். போதாததற்கு, ஊர்ப் பிள்ளைகள் யாரானாலும் அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று போன வருஷம் உத்தரவு வேறு வாங்கிவிட்டார் நப்பின்னை.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வினை வந்தது. ராயரின் மகன் செங்கோடன், குயவர் வீட்டுப் பையன் கீரனை மண்டியிட வைத்து, முதுகில் ஏறி முற்றத்தைச் சுற்றிச் சவாரி விட்டான். மற்ற பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். தினமும் இதே கதை. கடைசியில் கீரன் பள்ளிக்கூடத்துக்கே வராமல் நின்றுவிட்டான். வாத்தியார் பொறுக்கமாட்டாமல் சபைக்கு வந்து முறையிட்டார்.

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். “பிள்ளைகள் விளையாட்டு, மகாராஜா. இதையெல்லாம் தாங்கினால்தான் உடம்பில் உரம் ஏறும். தாங்காத பிள்ளைகளுக்கு அரண்மனையில் என்ன படிப்பு?”

கையோடு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொல்லிவைத்தார். ராஜா அப்போது ஒரு மாம்பழத்தோடு மும்முரமாக இருந்தார். நாளைக்கே நேரில் வந்து அந்த விளையாட்டைப் பார்ப்பதாகவும், கீரன் அழுதால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அனுப்பிவிடுவதாகவும் கொட்டையைச் சப்பிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நப்பின்னைக்குப் பகீரென்றது. அன்று மாலையே கீரன் வீட்டுக்குப் போனார். பையன் பானை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். முட்டி இரண்டும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார்.

“வலிக்குதும்மா. செங்கோடனுக்கும் முட்டி இப்படித்தான் இருக்கு. காலையில நொண்டிக்கிட்டேதான் வருவான்.”

ஏறுகிறவனுக்கு எதற்கு முட்டி தேய வேண்டும்? நப்பின்னை அப்படியே நின்று யோசித்தார். இதே மாதிரி இன்னொரு ஜோடி முட்டி தினமும் சாப்பாட்டு நேரத்தில் தரையில் தேய்வதைப் பார்க்கிறோமே என்று நினைவு வந்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “நாளைக்கு மட்டும் வாப்பா. உன் மேல யாரும் ஏறாம நான் பாத்துக்கறேன்” என்றார். பையன் ரொம்ப நேரம் யோசித்துத்தான் தலையாட்டினான்.

மறுநாள் ராஜா பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கினார். எதிலிருந்து இறங்கினார் என்று சொல்லவும் வேண்டுமா? ராயருக்கு மூச்சு வாங்கியது. விளையாட்டு எங்கே என்று ராஜா பரபரத்தார். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சோதிப்பதுதானே முறை, முதலில் முட்டிப் பரீட்சை நடக்கட்டும் என்றார் நப்பின்னை. ராஜாவுக்குப் பரீட்சை என்றால் கொள்ளை ஆசை. அவர் ஒன்றுகூட எழுதியதில்லை.

கீரன் முட்டியைக் காட்டினான். சவாரி விட்டவனும் காட்டட்டும் என்றார் நப்பின்னை. செங்கோடன் முட்டியும் அதே கதி. ராஜா குழம்பிப்போய்க் காரணம் கேட்டார்.

செங்கோடனின் உதடு துடித்தது. “சாயந்திரமானா அப்பா என் மேல ஏறுவாரு, மகாராஜா. உரம் ஏறணும்னு சொல்லுவாரு.”

ராயரின் தொப்பையைப் பார்த்தவர்களுக்குப் பையன் உயிரோடு இருப்பதே ஆச்சரியமாக இருந்தது. அடுத்து ராயர் வேட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று. முட்டி இரண்டும் பலாப்பழத் தோல் போல் காய்த்துப்போயிருந்தன. ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது.

“என் தண்டநாயகர் மேல் ஏறியவன் எவன்? அவன் தலையை வாங்குகிறேன்!”

வாத்தியார் வானத்தைப் பார்த்தார். மெய்க்காவலன் தன் வேலின் முனையைப் பரிசோதித்தான். ராஜாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் கணக்கில் அது பவனி, சவாரி இல்லை.

“இன்னும் ஒரு ஜோடி முட்டி பாக்கி இருக்கிறது, மகாராஜா” என்றார் நப்பின்னை.

ராஜா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெதுவாகப் பட்டாடையைத் தூக்கினார். உள்ளே இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டி, ஒரு கீறல் கிடையாது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவரின் முகம் சுருங்கிப்போயிற்று.

“வலிக்குமா, ராயரே?”

“மூன்று வேளையும், மகாராஜா” என்றார் ராயர். கனைக்காமல் அவர் ராஜாவுக்குப் பதில் சொன்னது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

ராஜா கிரீடத்தைக் கழற்றி வாத்தியார் கையில் கொடுத்தார். சரளைக்கல் முற்றத்தில் மண்டியிட்டு, கைகளையும் ஊன்றி, கீரனைப் பார்த்து ஏறு என்றார். பிள்ளைகள் கைதட்டத் தயாரானார்கள். கீரன் கிட்டே வந்து, அந்த அகலமான முதுகைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“வேணாங்க மகாராஜா. முட்டி எரியும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. செங்கோடன்தான் ஓவென்று அழுதான்.

குதிரைப் பதவி அன்றோடு ஒழிந்தது. ஊர்ப் பிள்ளைகளை யாரும் அசைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. பட்டத்துக் குதிரைக்கென்று செய்துவைத்திருந்த பொன் சேணத்தை ராஜா நப்பின்னைக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை உருக்கிப் பள்ளிக்கூடத்துக்கு மணி வார்த்துவிட்டார். தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, காயம்பட்ட பிள்ளைகளின் முட்டிக்கெல்லாம் ராயர் தன் கையாலேயே தைலம் தடவ வேண்டும் என்று தண்டனை.

மறுநாள் காலை ராயர் தைலக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். முதலில் கீரன் வந்தான். அடுத்து செங்கோடன், அப்பா முகத்தைப் பார்க்காமல் காலை நீட்டினான். ராயர் தடவத் தடவ அவர் கண்ணில் நீர் தளும்பியது. வரிசையில் கடைசி ஆள் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். சிம்மாசனக் கூடத்திலிருந்து நடந்தே வந்ததில் வழி தெரியாமல் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்ததாம். ஒரு நிமிஷம் சரளைக்கல்லில் மண்டியிட்டதற்கே ராஜாவின் முட்டி இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.